தி திக் ஆஃப் இட், வீப், யெஸ் மினிஸ்டர்: எதை முதலில் பார்ப்பது?

தி திக் ஆஃப் இட் என்ற பிரிட்டிஷ் அரசியல் நகைச்சுவைத் தொடரின் மால்கம் டக்கர் யாரையோ கிழிகிழியென்று கிழிக்கும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று கைபேசியில் வந்து விழும். சிரித்து முடித்த கையோடு முழுத் தொடரையும் தேடிப் பிடித்து முதல் எபிசோடைப் போடுவோம். கேமரா ஆடுகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் அமைச்சர், யார் அதிகாரி என்று பிடிபடுவதற்குள் பாதி ஓடிவிடுகிறது. மூடிவைத்துவிட்டு, ஏற்கெனவே பார்த்த நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "முதல்ல படத்தைப் பாரு." "மூணாவது சீசன்ல ஆரம்பி, அப்புறம் பின்னாடி போ." "அதை விடு, வீப் பாரு." கொஞ்சம் வயதானவராக இருந்தால், "யெஸ் மினிஸ்டர் பார்க்காம இதெல்லாம் எதுக்கு?"

எல்லாம் ஒரே குடும்பம் என்பதால்தான் இந்தக் குழப்பம். 2004இல் பிரிட்டனின் சிறந்த நகைச்சுவைத் தொடர் எது என்று பிபிசி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, யெஸ் மினிஸ்டருக்காகத் திரையில் வாதாடியவர் அர்மாண்டோ இயனூச்சி. அது ஆறாவது இடத்தில் நின்றது. மறு ஆண்டே அவர் உருவாக்கிய தி திக் ஆஃப் இட் பிபிசி ஃபோரில் வந்தது. 2009இல் அதே உலகத்திலிருந்து இன் தி லூப் என்ற திரைப்படம். 2012இல் அவரே அமெரிக்காவின் எச்பிஓவுக்காக வீப்பைத் தொடங்கினார். ஆக, நான்கில் மூன்று ஒருவர் சமையல். நான்காவது அவர் கொண்டாடிய பழைய சமையல்.

எதை வைத்து அளப்பது

முதலில் வசவு. "கெட்ட வார்த்தை ரொம்ப இருக்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. யெஸ் மினிஸ்டரைத் தவிர மற்ற மூன்றிலும் ரொம்பவே இருக்கும், எண்ணிப் பயனில்லை. அந்த வசவு அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் தேர்வுக்கு உதவும். யார் யாரைத் திட்டலாம், யார் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில்தான் இந்தக் கதைகளின் அதிகார வரிசை இருக்கிறது. அறை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையை நம்பினால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது காது: உச்சரிப்பு, பேச்சின் வேகம், சப்டைட்டில் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியுமா. பிறகு, பிரிட்டிஷ் அரசியல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. நேரம் எவ்வளவு கேட்கும் என்பது. கடைசியாக, இது வீட்டுக் கூடத்தில் எல்லோருடனும் பார்க்கக் கூடியதா, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டியதா என்பது.

| | எப்போது வந்தது | மொத்த நேரம் | வசவு | காதுக்கு | முன்னறிவு |
|---|---|---|---|---|---|
| தி திக் ஆஃப் இட் | 2005–2012, 23 எபிசோடுகள் | சுமார் 13 மணி | மிக அதிகம் | கடினம் | கொஞ்சம் வேண்டும் |
| இன் தி லூப் | 2009, திரைப்படம் | 106 நிமிடம் | மிக அதிகம் | பாதிப் பாதி | இராக் போர் தெரிந்தால் போதும் |
| வீப் | 2012–2019, 65 எபிசோடுகள் | சுமார் 30 மணி | மிக அதிகம் | எளிது, ஆனால் வேகம் | அனேகமாக வேண்டாம் |
| யெஸ் மினிஸ்டர், யெஸ் பிரைம் மினிஸ்டர் | 1980–1988, 38 எபிசோடுகள் | 19 மணிக்குச் சற்று மேல் | இல்லை என்றே சொல்லலாம் | தெளிவு, ஆனால் நீள வாக்கியங்கள் | வேண்டாம் |

தி திக் ஆஃப் இட்

சமூக விவகாரத் துறை என்று ஒரு துறை. நிதித்துறை போலவோ உள்துறை போலவோ பெரிய இடம் அல்ல. எதற்கும் உதவாத, ஆனால் எதற்கும் பழி சுமக்கக் கூடிய இடம். அதன் அமைச்சர் ஹியூ அபட். அவருக்குச் சூட்சுமம் சொல்ல க்ளென், ஆலி என்று இரண்டு ஆலோசகர்கள். பத்திரிகைத் தொடர்புக்கு டெரி என்ற நிரந்தர அரசு ஊழியர். இவர்கள் தலைக்குமேல் பிரதமர் அலுவலகத்தின் தகவல் தொடர்பு இயக்குநர் மால்கம் டக்கர். பீட்டர் கபால்டி நடித்தது. பின்னாளில் இவரே டாக்டர் ஹூ என்ற தொடரில் டாக்டராக வந்து குழந்தைகளின் நாயகனானார் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முதல் காட்சியிலேயே விதி சொல்லப்பட்டுவிடுகிறது. ஒரு அமைச்சரை வரவழைத்து, நீங்கள் ராஜினாமா செய்கிறீர்கள் என்று மால்கம் அவருக்கே தெரிவிக்கிறார். தேர்தலில் நின்று ஜெயித்தவர் அமைச்சர். மால்கமுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் வாங்கிக்கொள்பவர் அமைச்சர்தான். அதே எபிசோடில், அறிவிக்கவிருந்த திட்டத்தைக் கடைசி நேரத்தில் அறிவிக்கக் கூடாது என்று உத்தரவு வருகிறது. பத்திரிகையாளர்கள் காத்திருக்கிறார்கள், ஓடும் காருக்குள் உட்கார்ந்து மூன்று பேர் புதிதாக ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அரசாங்கம் நடக்கும் விதத்தைப் பற்றி இந்தத் தொடர் சொல்வதெல்லாம் அந்தக் காருக்குள்ளேயே இருக்கிறது.

வசவுக்கு வருவோம். எழுத்தாளர்கள் எழுதி முடித்த பிரதி லங்காஸ்டரில் இருந்த இயன் மார்ட்டின் கைக்குப் போகும். வசவு ஆலோசகர் என்பதே அவருக்குக் கிடைத்த பட்டம். பிறகு முழு எழுத்தாளராகவே ஆனார். அதனால்தான் மால்கமின் வசவு வாய்க்கு வந்தபடி வருவது போலத் தோன்றினாலும் உள்ளே கட்டுக்கோப்பாக இருக்கும். மேலிருந்து கீழே வடிவது அதன் இயல்பு: மால்கம் அமைச்சரைத் திட்டுவார், அமைச்சர் க்ளென்னைத் திட்டுவார், க்ளென் ஆலியிடம் எரிந்துவிழுவார். இந்த வரிசைக்குள் சிக்காத ஒரே ஆள் டெரி. நிரந்தர ஊழியர் என்பதால் மால்கமால் அவரை வேலையை விட்டுத் துரத்த முடியாது, கத்துவதோடு சரி. ரசிகர்கள் டெரியைச் சோம்பேறி என்று ஒதுக்குவதுண்டு. எனக்கென்னவோ அந்த அலுவலகத்தில் நிம்மதியாகத் தூங்கக் கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று படுகிறது.

அன்றைய பிரதமர் டோனி பிளேரிடம் தகவல் தொடர்பு இயக்குநராக இருந்து 2003இல் விலகிய அலஸ்டர் கேம்பல்தான் மால்கமின் மூலம் என்பது பொதுப் பேச்சு. கபால்டியோ ஹாலிவுட் ஏஜென்ட்டுகளின் நடையுடையையும் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். கேம்பலைத் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. பிரதமரை நாம் பார்ப்பதே இல்லை. கட்சிகளின் பெயரையும் யாரும் சொல்வதில்லை. செய்தி வரும் முன் ஓடுவதும் வந்த பின் மறைப்பதும்தான் இவர்களுடைய வேலை என்று தெரிந்தால் போதும். தெரிந்தவர்களுக்கு உபரியாகச் சில கிடைக்கும். 2007 நவம்பரில் பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு குறுந்தகடுகளைத் தொலைத்தது. மூன்றாவது சீசனில் இந்தத் துறையின் குடியேற்றப் பதிவுகள் காணாமல் போகும்போது அந்த நினைவோடு பார்ப்பவர்களின் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

வெளியே தெரியாத விலைகள் மூன்று. முதலாவது, கையில் பிடித்த கேமராவும் பின்னணி இசையே இல்லாத மௌனமும். எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் கோடு காட்ட மாட்டார்கள். நடிகர்கள் எழுதியதையும் பேசி, இடையிடையே சொந்தமாகவும் பேசுவதால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறும். மால்கமின் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் சேர்ந்தால் சப்டைட்டில் கட்டாயம். மால்கமின் கையாள் ஜேமி வரும்போது இரட்டிப்புக் கட்டாயம்.

இரண்டாவது, முதல் ஆறு எபிசோடுகளுக்குப் (அதாவது முதல் இரண்டு சீசன்களுக்குப்) பிறகு ஹியூ அபட் இருக்க மாட்டார். அந்த வேடத்தில் நடித்த கிறிஸ் லாங்கம் ஒரு குற்ற வழக்கில் சிக்கி, 2007இல் தண்டனையும் பெற்றார். அவர் இல்லாமலேயே தொடரை நகர்த்த வேண்டியிருந்தது. அமைச்சர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு 2007இல் இரண்டு ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடுகள் எடுத்தார்கள். எதிர்க்கட்சியின் பீட்டர் மேனியனும் அவருடைய ஆட்களும் அறிமுகமாவது அங்கேதான். பல பட்டியல்களில் இவை சீசன் கணக்கில் வராமல் தனியே ஒதுங்கிக் கிடக்கும். தவறவிட்டால் பிரதமர் எப்போது மாறினார் என்று மூன்றாவது சீசனில் திணறுவீர்கள்.

மூன்றாவது, நான்காவது சீசனின் முதல் எபிசோடில் மால்கம் வரவே மாட்டார். அதற்குள் ஆட்சி மாறி, 2010இல் நிஜமாகவே அமைந்தது போல ஒரு கூட்டணி அரசு துறையைப் பிடித்திருக்கும். ஒரு எபிசோட் ஆளுங்கட்சி, அடுத்தது எதிர்க்கட்சி என்று மாறி மாறிப் போகும். மால்கமுக்காக மட்டும் பார்ப்பவர்கள் இங்கே கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். ரோஜர் ஆலம் நடித்த மேனியனை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவே விருந்து: காலம் மாறியதே தெரியாதது போல நடந்துகொள்ளும், ஆனால் எல்லாம் தெரிந்து அலுத்துப்போன பழைய கட்சிக்காரர்.

மூன்றாவது சீசனில் தொடங்கச் சொல்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. எட்டு எபிசோடுகள், படப்பிடிப்பும் கொஞ்சம் நிதானம், ரெபெக்கா ஃப்ரன்ட் நடித்த நிக்கோலா மரே புதிய அமைச்சராக உள்ளே வருவதால், அவரோடு சேர்ந்து நாமும் அலுவலகத்தைப் புதிதாகப் பார்க்கலாம். 2010 பாஃப்டா விருதுகளில் தொடருக்கும் கபால்டிக்கும் ஃப்ரன்ட்டுக்கும் விருது வாங்கித் தந்த சீசன் இது. வானொலி நிலையத்துக்குள் நிக்கோலாவும் மேனியனும் மாட்டிக்கொண்டு உளறும் ஐந்தாவது எபிசோடைத் தொடரின் உச்சம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் அங்கே தொடங்கினால், மால்கமின் பிடி தளர்வதைப் பார்ப்பீர்களே தவிர, அது எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது தெரியாது. முதல் ஆறு எபிசோடுகள் மொத்தமே மூன்று மணி நேரம். ஒரு தமிழ்ப் படமும் இடைவேளையும்.

யாருக்கு: தனியாகப் பார்ப்பவருக்கு, சப்டைட்டில் படிக்க அலுக்காதவருக்கு, அலுவலகத்தில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய அனுபவம் உள்ளவருக்கு.

இன் தி லூப்

"படத்தைப் பார்த்துட்டு வா" என்பதுதான் நான் அதிகம் கேட்ட யோசனை. காரணம் தெளிவு: ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், வாஷிங்டனும் வருவதால் பாதிப் பேச்சு அமெரிக்க ஆங்கிலம், ஜேம்ஸ் கேண்டல்ஃபினி போன்ற தெரிந்த முகம். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

டாம் ஹாலண்டர் நடித்த சைமன் ஃபாஸ்டர் என்ற சில்லறை அமைச்சர், வரப்போகும் போரைப் பற்றி வானொலியில் ஒரு சொல்லைத் தவறாக விட்டுவிடுகிறார். போரை விரும்புகிறவர்களும் தடுக்க நினைக்கிறவர்களும் அவரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எந்த நாட்டோடு போர் என்பதைப் படம் சொல்வதே இல்லை. 2003 இராக் போரும் அதற்காகச் சோடிக்கப்பட்ட உளவுத் தகவல்களும் நினைவிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. குழந்தையின் படுக்கையறையில், பேசும் பொம்மைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் சிப்பாய்கள் வேண்டும் என்று ஒரு ராணுவ ஜெனரல் கணக்குப் போடும் காட்சி ஒன்று போதும்.

வசவு இங்கே வேறு வேலை செய்கிறது. லண்டனில் மால்கம் திட்டினால் சுவர் நடுங்கும். வாஷிங்டனில் அவரைச் சந்திக்க வந்து நிற்பவன் மீசை முளைக்காத வயதில் ஒரு அதிகாரி. அங்கே உண்மையான அதிகாரம் படைத்த லின்டன் பார்விக் கெட்ட வார்த்தையே பேசுவதில்லை. எழுத்துகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி வைத்தாற்போல உச்சரித்துத் தாண்டிவிடுகிறார். சத்தம் போடுகிற பெரிய மனிதன், சத்தமே போடாத பெரிய இடத்துக்குப் போய் நிற்பதுதான் படத்தின் நடுப்புள்ளி.

அதனாலேயே இதை முதலில் பார்க்க வேண்டாம் என்பேன். மால்கம் சிறுத்துப்போவது, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தார் என்று அறிந்தவருக்குத்தான் உறைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. தொடரில் ஆலியாக வரும் கிறிஸ் அடிசன் இங்கே டோபி என்ற வேறு ஆள். க்ளென், டெரி ஆகியோரின் முகங்களும் வேறு வேடங்களில் வருகின்றன. மால்கமும் ஜேமியும் அப்படியே இருக்கிறார்கள். படத்திலிருந்து தொடருக்குப் போகிறவர், டோபி ஏன் பெயர் மாற்றிக்கொண்டான் என்று இரண்டு எபிசோடுகள் வரை குழம்புவார்.

யாருக்கு: ஒரு மாலைக்கு மேல் தர முடியாதவருக்கு, தொடரின் முதல் ஆறைப் பார்த்துவிட்டவருக்கு.

வீப்

அமெரிக்கத் துணை அதிபர் செலினா மேயர். அதிபர் கூப்பிட்டாரா என்று உதவியாளரைக் கேட்டபடி இருப்பார். இல்லை என்றே பதில் வரும். ஜூலியா லூயி-ட்ரைஃபஸ் இந்த ஒரு வேடத்துக்காகத் தொடர்ந்து ஆறு எம்மி விருதுகள் வாங்கினார். இந்த நான்கில் நடிப்புக்காக மட்டும் ஒன்றைப் பார்ப்பதென்றால் கபால்டியா இவரா என்பது கடினமான கேள்வி. பலவீனத்தையும் ஆணவத்தையும் ஒரே நொடியில் முகத்தில் கொண்டுவருவதில் நான் இவர் பக்கம்.

இதற்கு முன்பே 2007இல், தி திக் ஆஃப் இட்டை அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் மறு ஆக்கம் செய்ய முயன்று, ஒரு முன்னோட்ட எபிசோடோடு கைவிட்டது. வீப் மறு ஆக்கம் அல்ல. அதில் மால்கம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது, ஏனென்றால் இங்கே வசவுக்கு மேல் கீழ் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் திட்டுவார்கள். கீழே இருப்பவர்கள் முகத்துக்கு நேராகவே மேலே இருப்பவரைக் கிண்டல் செய்வார்கள். யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை, வேலை போய்விடுமே என்பதைத் தவிர. வெள்ளை மாளிகையின் தூதுவனாக வந்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஜோனாவுக்குச் சூட்டப்பட்ட பட்டப்பெயர்கள் நாலாவது சீசனில் ஒரு விசாரணைக் குழு முன் ஆவணமாகவே வாசிக்கப்படும். வயிறு வலிக்கும். ஆனால் உடலையும் தோற்றத்தையும் குறிவைக்கும் இந்த வகைக் கிண்டல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறைந்திருக்கும் விலை, நீளம். முதல் சீசன் தன் கால்களைத் தேடுகிறது, இரண்டாவதில்தான் நிமிர்கிறது. நான்கு சீசன்கள் முடிந்ததும் இயனூச்சி விலகி, டேவிட் மேண்டல் பொறுப்பேற்றார். அதன் பிறகு நகைச்சுவை இன்னும் கூர்மை, இன்னும் குரூரம். 2016, 2017 சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதுகள் மேண்டல் காலத்தவை என்பதால் தரம் இறங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அலுவலகத்தை எட்டிப்பார்ப்பது போன்ற அந்தப் பழைய உணர்வு எனக்குக் குறைந்துபோனது. நான்காவதோடு நிறுத்தினாலும் குறையொன்றுமில்லை. கடைசி எபிசோடின் கசப்பு வேண்டுமென்றால் ஏழாவது வரை போங்கள்.

யாருக்கு: பிரிட்டிஷ் உச்சரிப்பு ஆகாதவருக்கு, வாரக்கணக்கில் தினம் ஒன்றாகப் பார்க்க நீளத் தொடர் தேடுபவருக்கு, சக்சஷன் தொடரைப் பார்த்துவிட்டு அதே எரிச்சல் சுகத்தைத் தேடுபவருக்கு. சக்சஷனை உருவாக்கிய ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் தி திக் ஆஃப் இட்டின் எழுத்தாளர்களில் ஒருவர் என்பதால், அவர்களுக்கு இரண்டு பக்கமும் உறவு உண்டு.

யெஸ் மினிஸ்டர்

அமைச்சர் ஜிம் ஹேக்கர், துறைச் செயலர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி, இருவருக்கும் நடுவில் நசுங்கும் தனிச் செயலர் பெர்னார்ட். ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதியது. அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்குப் பிடித்த தொடர். 1984இல் அந்த நடிகர்களோடு ஒரு சிறு நாடகத்தில் அவரே நடித்தார். தாங்கள் கிண்டல் செய்யப்படுவதை அரசியல்வாதிகள் இவ்வளவு ரசித்தால் கிண்டலில் ஏதோ குறை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்; அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு என்றே நினைக்கிறேன்.

வசவு இல்லை. அதன் இடத்தில் மரியாதை இருக்கிறது. "துணிச்சலான முடிவு, அமைச்சரே" என்று ஹம்ஃப்ரி சொன்னால், அடுத்த தேர்தலில் நீர் காலி என்று பொருள். மால்கம் ஒரு பக்க வசனம் கத்திச் சாதிப்பதை இவர் ஒரு புன்னகையில் சாதிப்பார். நோயாளியே இல்லாமல் 500 ஊழியர்களோடு கச்சிதமாக இயங்கும் மருத்துவமனை பற்றிய எபிசோட் ஒன்று உண்டு. கோப்புகள் நகரும் அலுவலகத்தில் அப்பாவோ அம்மாவோ வேலை பார்த்த வீடுகளில் அதை எல்லோருமாகப் பார்க்கலாம், விளக்கம் சொல்லவே தேவையிருக்காது. 2001இல் ஃபாரூக் ஷேக் நடிக்க ஸ்டார் பிளஸில் ஜி மந்திரிஜி என்று இந்தி வடிவம் வந்ததும் இந்த நெருக்கத்தால்தான் இருக்க வேண்டும்.

விலை என்று பார்த்தால், நாடகம் போன்ற அரங்கும் பார்வையாளர் சிரிப்பொலியும் இன்றைய கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். ஹம்ஃப்ரியின் ஒரு வாக்கியம் அரை நிமிடம் ஓடும்; அதில் புரியாமல் போவதே நகைச்சுவை என்பது பழகும்வரை நம் ஆங்கிலத்தின் மேல் சந்தேகம் வரும்.

நான் சொல்லும் வரிசை

வீட்டில் எல்லோருடனும் என்றால் யெஸ் மினிஸ்டர், வேறு யோசனையே வேண்டாம். நீளமும் அமெரிக்க ஆங்கிலமும் வேண்டுமென்றால் வீப், முதல் சீசனில் பொறுமையோடு. மற்ற எல்லோருக்கும் தி திக் ஆஃப் இட்டின் முதல் ஆறு. அடுத்து இரண்டு சிறப்பு எபிசோடுகள். அங்கே நிறுத்திப் படம். பிறகு மூன்றாவது, நான்காவது சீசன்கள். முதல் இரண்டு எபிசோடுகளைச் சப்டைட்டிலோடு பார்த்தும் ஒட்டவில்லை என்றால், தயங்காமல் மூன்றாவது சீசனுக்குத் தாவுங்கள். எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிபிசியின் ஐபிளேயர் பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

ஒன்றே ஒன்று: நான்காவது சீசனின் ஆறாவது எபிசோடைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அது ஒரு மணி நேரம். பிரிட்டனில் 2011, 2012இல் பத்திரிகைகளின் நடத்தை பற்றி நடந்த லெவிசன் விசாரணையின் சாயலில், நாற்காலியும் மேசையும் தண்ணீர்க் குவளையுமாக ஒரே அறைக்குள் நடக்கும். இத்தனை நாளும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, நினைத்தபடி திட்ட முடியாத இடத்தில், பதில் சொல்லியாக வேண்டும்.